ஒரு கிலோ அரிசிக்கு 3,200 கோடி யூனிட்

மாலு,

ஞாயிற்றுக்கிழமை போனில் ஆதி கேட்டானே, ராக்கெட் ஏன் வெளிச்சத்தின் வேகத்தில் போக மாட்டேன் என்கிறது என்று, நீயும் தோசையைத் திருப்பிக்கொண்டே "நல்ல என்ஜின் வந்தால் போகும்டா" என்று அனுப்பிவிட்டாய். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. என்ஜின் இதில் பிரச்சினையே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாக ஏறி மீட்டர் ரீடிங் எடுத்தவன், எனக்குத் தெரிந்த யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன்.

நம் வில்லிவாக்கம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஆகிறது (உன் அம்மா ஏசியை அணைப்பதே இல்லை). வருஷத்துக்கு 3,000 என்று வை. ஒரு கிலோ அரிசிப் பையை ஒளியின் வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கொண்டுபோக, துளிகூட வீணாகாவிட்டாலும், சுமார் 3,200 கோடி யூனிட் வேண்டும். நம்மைப் போல ஒரு கோடி வீடு ஒரு வருஷம் எரிக்கிற கரண்ட்! சரி, இன்னும் ஒன்பது சதவீதம்தானே, 99-க்குப் போவோம் என்றால் 15,000 கோடியைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் 99.9, 99.99 என்று பில் ஏறிக்கொண்டே போகுமே தவிர நூறு வரவே வராது. 1905-லேயே ஐன்ஸ்டைன் போட்ட கணக்கு இது, நிறை உள்ள எதுவும் தப்ப முடியாது. ஒளிக்கு நிறை இல்லை, அது பிழைத்தது. ஜெனீவா பக்கம் பூமிக்கடியில் அணுவுக்குள் இருக்கிற புரோட்டான் என்ற துளித் துகளை 99.999999 சதவீதம் வரை ஓட்டுகிறார்கள், ஆனால் அது புரோட்டான், அரிசிப் பை இல்லை.

நாம் செய்ததிலேயே வேகமான பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் வினாடிக்கு 192 கிலோமீட்டரில் போனது, இங்கிருந்து மதுரைக்கு மூன்று வினாடிகூட ஆகாது. அதுவும் சூரியன் இழுத்த இழுப்பில் வந்த வேகம். ஒளியோ வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். பார்க்கர் வேகத்திலேயே கிளம்பினாலும் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற பிராக்ஸிமா நட்சத்திரத்துக்கு 6,600 வருஷம்.

வழியில் தூசி வேறு. 90 சதவீத வேகத்தில் ஒரு மில்லிகிராம் மணல் கலத்தில் மோதினால் 32,000 யூனிட், நம் வீட்டுப் பத்து வருஷக் கரண்ட் ஒரே அடியில்.

ஆனால் அவனிடம் முடியாது என்று மொட்டையாகச் சொல்லிவிடாதே. எட்டத்தான் முடியாது, கிட்டே போகலாம், அங்கேதான் வேடிக்கையே. மியூவான் என்று ஒரு துகள், மேலே காற்றுமண்டலத்தில் பிறந்து இரண்டு மைக்ரோவினாடியில் செத்துப்போக வேண்டியது, ஒளியை ஒட்டிய வேகத்தில் வருவதால் அதன் கடிகாரம் மெதுவாக ஓடி, தரை வரை வந்து சேர்கிறது. அதை எண்ணுவதற்கென்றே ஊட்டியில் பெரிய கருவி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வந்தால் முதலில் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போய் மீதியை அங்கே சொல்கிறேன்.

ஆதி 99 சதவீத வேகத்தில் தன் கடிகாரப்படி ஒரு வருஷம் சுற்றிவிட்டு வந்தால் இங்கே ஏழு வருஷம் ஓடியிருக்கும். எனக்கு இப்போதே எழுபத்து இரண்டு. மே மாதத்துக்கு டிக்கெட் போட்டாயா?

அப்பா