சித்தாளுக்கும் கால் அளவு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில், கட்டட வேலைக்கான பாதுகாப்புச் சாதனங்களைப் பார்த்து வாங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஹெல்மெட், ஷூ, கையுறை, கண்ணாடி, பெல்ட் என்று எதையும் விடாமல் எழுதியிருந்தார்கள். நான் பெருந்துறைப் பக்கம் 26 வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். மம்பட்டி ஆளாக வந்து, கொத்தனாராகி, இப்போது இருபது பேரை வைத்து வேலை பார்க்கும் மேஸ்திரி. கட்டுரையோடு போட்டிருந்த படங்களில் ஒரு பெண்கூட இல்லை. என் ஆட்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குறையை எழுதாமல் விட மனம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய குடோன் கட்டும் வேலைக்கு ஆள் விட்டிருந்தேன். வேலையை நடத்திய நிறுவனம் ஆளுக்கு ஒரு செட் என்று சாதனங்களை இறக்கியது. ஷூ எல்லாம் ஏழு, எட்டு, ஒன்பது. எங்களோடு பதினைந்து வருடமாக வரும் ஒரு அக்காவுக்குக் கால் அளவு நான்கு. "சும்மா போட்டுக்கம்மா, ஆபீசர் வர்றாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்காவும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி ஷூவின் முனையில் திணித்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானம் சாந்துச் சட்டியோடு படியேறும்போது ஷூ ஈரப் படியில் ஒட்டிக்கொண்டது, கால் மட்டும் வெளியே வந்துவிட்டது. மூன்று படி உருண்டார். வலது மணிக்கட்டு முறிந்தது, நான்கு மாதம் வேலைக்கு வரமுடியவில்லை. ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்து, "செருப்போட ஏறியிருந்தா உளுந்திருக்க மாட்டனுங்க மேஸ்திரி" என்றார். நிறுவனத்தின் நோட்டில் 'பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஷூ அவருக்கு ஆகாது என்று காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன்.

அன்றிலிருந்து ஷூ எடுக்கும் முறையையே மாற்றிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவியதும், சிமென்ட் மூட்டைக் காகிதத்தை விரித்து ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுகிறேன். காலையில் போட்டால் சரிப்படாது. நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். ஈரோட்டுக் கடையில் அந்தக் காகிதங்களைக் கொடுத்தால் முதலில் முகம் சுளித்தார்கள். ஆறுக்குக் கீழே ஸ்டாக் இல்லை என்றார்கள். சொல்லிவைத்து வாங்கினால் நான்கும் ஐந்தும் வரத்தான் செய்கிறது. ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

ஷூவில் பார்க்க வேண்டியது, ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும். முனையில் இருக்கும் இரும்புக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரம். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால்விரலில் விழுவது ஏறக்குறைய அந்த அடிதான். சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த பலகை, பிரிக்கிற இடத்தில் வேலை என்றால், அடிப்பாகத்தில் ஆணி ஏறாத தகடு வைத்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். பலகையில் நிமிர்ந்து நிற்கும் ஆணி ஆண் பெண் பார்த்துக் குத்துவதில்லை. கான்கிரீட் போடும் நாளுக்கு இந்தத் தோல் ஷூ உதவாது, முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ்தான் வேண்டும். ஈர சிமென்ட் கடுமையான காரம். ஷூவுக்குள் இறங்கிவிட்டால் முதலில் எரிச்சலே தெரியாது, சாயங்காலம் கழற்றும்போது தோல் வெந்திருக்கும்.

கைக்கும் இதே கதைதான். சிமென்ட்டில் உள்ள குரோமியம் சிலருக்கு ஆயுசுக்கும் தீராத அரிப்பையும் வெடிப்பையும் கொண்டுவந்துவிடும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் கிளம்பும். வீட்டில் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடும் சித்தாள்களை எனக்குத் தெரியும். பனியன் நூலில் பின்னிய கையுறை மலிவு என்று டஜன் கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள். அது சிமென்ட் பாலை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைத்துக்கொள்ளும், வெறுங்கையே மேல். ரப்பரோ நைட்ரில் என்கிற செயற்கை ரப்பரோ பூசிய கையுறை, அதுவும் சின்ன அளவில் வேண்டும். பெரிய கையுறையில் விரல்நுனி தொங்கினால் சட்டியின் விளிம்பு பிடிபடாது. கட்டிங் மிஷின் பக்கத்தில் அந்தத் தொங்கலே விரலை உள்ளே இழுத்துவிடும்.

ஹெல்மெட் பற்றிக் கட்டுரையில் எழுதியது எல்லாம் சரி. ஐ.எஸ். 2925 பார்த்து வாங்குங்கள், உள்ளே வட்டமாக அச்சிட்டிருக்கும் தயாரித்த வருடம் மாதத்தைப் பாருங்கள், வெயிலில் கிடந்து வெளுத்ததையும் ஒருமுறை அடி வாங்கியதையும் தூக்கி எறியுங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாடைக்கயிறு பற்றி மட்டும் நான் ஒன்று சேர்ப்பேன். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் குனிந்தால் ஹெல்மெட் பறந்து கீழே நிற்பவர் தலையில் விழும். கயிறு இல்லாத ஹெல்மெட்டை நான் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சித்தாள் விஷயம் வேறு. தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் சட்டி வைத்துச் சுமக்கிறவர் ஹெல்மெட்டை எங்கே போடுவார்? அதன்மேல் சட்டி நிற்காது. அதனால் அதிகாரி வரும்போது தலையில், போனதும் மணல் குவியலின்மேல் என்று அது ஒரு நாடகமாகவே நடக்கிறது. இதற்கு நல்ல ஹெல்மெட்டைத் தேடிப் பயனில்லை, சுமையைத்தான் தலையிலிருந்து இறக்க வேண்டும். என் வேலையில் சாரத்துக்குக் கீழே யாரும் தலைச்சுமையோடு நடக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டேன். தரையில் தள்ளுவண்டி, மேலே ஏற்ற மோட்டார் லிப்ட், சின்ன வேலை என்றால் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பது. லிப்ட் வாடகை முதலில் உறுத்தியது. ஆனால் மூன்று மணிக்கு மேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இப்போது இல்லை.

சேலைக்கும், உயரத்திலிருந்து விழாமல் பிடிக்கும் பெல்ட்டுக்கும் ஒத்துவராது. முழு உடல் பெல்ட்டின் பட்டை தொடையைச் சுற்றி வரவேண்டும், சேலையின்மேல் அதை மாட்ட வழியில்லை. இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட்டைக் கொடுத்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. விழுந்து அதில் தொங்கினால் வயிறும் முதுகெலும்பும் அடிவாங்கும். ஆகவே சேலையோடு யாரும் சாரம் ஏறக் கூடாது, ஏறுகிறவர்கள் பேன்ட்டோ சுடிதாரோ போட்டுவர வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். இளம்பிள்ளைகள் உடனே ஒத்துக்கொண்டார்கள், மூத்தவர்கள் கீழ்வேலையை எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு மீட்டர் கயிறும், அதிர்ச்சி தாங்கப் பிரியும் பட்டையும் சேர்ந்த பெல்ட்டுக்கு, ஹூக் மாட்டிய இடத்திலிருந்து தரைவரை ஆறு மீட்டருக்கு மேல் வேண்டும். முதல் மாடிச் சாரத்தில் அது இருக்காது. பெல்ட் பிடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். அங்கே காப்பாற்றுவது சாரத்தின் ஓரத்தில் கட்டுகிற கைப்பிடிக் குழாய்தான்.

டைல்ஸ், கிரானைட் அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், தூசியைப் பெருக்கிக்கொண்டும் நிற்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அறுக்கிறவருக்கு மாஸ்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளட்டும் என்று விடுகிறோம். கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிட்டால் திரும்ப வராது. முந்தானைத் துணி அதைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 தரத்தில், நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி. 2 மாஸ்க் இருவருக்கும் வேண்டும்.

பிரதிபலிப்பு ஜாக்கெட்டும் அப்படித்தான். ஆண் அளவு ஜாக்கெட், கம்பி முனையில் மாட்டி இழுக்கும். எங்கள் பெண்கள் அதை ஊக்கு குத்தி இறுக்கிக்கொள்கிறார்கள். சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை, அதன்மேல் பாலியஸ்டர் ஜாக்கெட், சித்திரை வெயில். கழிப்பிடம் இல்லாத சைட்டில் தண்ணீர் குடிக்காமலே இதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உலகத்துக்கே துணி தைத்து அனுப்புகிற திருப்பூர் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பருத்தியில், பெண் அளவில், முன்னால் பட்டனும் மின்னும் பட்டையும் வைத்து ஒரு வேலைச் சட்டை தைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமா? கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன் விதிகளும் பாதுகாப்புச் சாதனம் கொடுக்கும் பொறுப்பை வேலை கொடுப்பவர்மேல்தான் வைத்தன. கூலியில் பிடித்துக்கொள்ளும் மேஸ்திரிகளும் இன்றுவரை இருக்கிறார்கள், அவர்கள் வெட்கப்பட வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்களிடம் நலநிதிக்கென்று செலவில் ஒரு சதவீதம் வாங்கப்படுகிறது. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யும் படிவத்தில் பெயர், வயது, வேலை எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஷூ அளவு, கையுறை அளவு என்று இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். எந்த ஊரில் எத்தனை ஜோடி நான்காம் நம்பர் வேண்டும் என்று வாரியத்துக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். உங்கள் பத்திரிகை இதை வாரியத்தின் காதில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சைட்டுக்கு நிருபர் வந்தால், மூட்டைக் காகிதத்தில் வரைந்த பாதங்களை எடுத்துக் காட்டுகிறேன். பத்தொன்பது பேருடையது இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.