சைலன்சரை மாற்றுவோர் கலவையையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்போர்ட்ஸ் பைக்கின் சைலன்சரை மாற்றுவோரில் பலர், சத்தம் கூடியதுமே வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல், காற்றுக் கலவையை அளந்து பார்ப்பதில்லை. எஞ்சின் கெடத் தொடங்குவது அங்கேதான்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடாமல் கடைசியில் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றினால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மேப்பை, அதாவது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற அட்டவணையை, திருத்த வேண்டியிருக்காது. ஹெட்டர் (எஞ்சினோடு சேரும் முதல் குழாய்) முதல் முழு செட்டையும் மாற்றி, ஏர் ஃபில்டரையும் மாற்றினால் காற்று அதிகம் பாயும். பெட்ரோல் பழைய கணக்கிலேயே வரும். கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சும். "இசியூ (எஞ்சினை ஆளும் கணினி) தானே சரிசெய்துகொள்ளும்" என்பது பாதிதான் உண்மை. வண்டியோடு வரும் சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் (எடையில்) என்ற விகிதத்தை ஒட்டித்தான் சரியாகக் காட்டும். சீரான வேகத்தில் இசியூ அதன் பேச்சைக் கேட்கும். த்ராட்டிலை முழுதாகத் திருகினால் சென்சாரை விட்டுவிட்டு, தன்னிடம் பதிந்துள்ள அட்டவணைப்படியே பெட்ரோலை விடும். அந்த நேரத்தில் தேவைப்படுவது சுமார் 13-க்கு 1. அதைவிட மிகவும் லீனாக ஓடினால் நாக்கிங் (கலவை நேரங்கெட்டு வெடிப்பது) வரும்; பிஸ்டனும் எக்ஸாஸ்ட் வால்வும் கருகும். பயந்துபோய்ப் பெட்ரோலை அள்ளி விடுவதும் தவறு: பிளக் கரி பிடிக்கும், சிலிண்டர் சுவரின் ஆயில் படலம் கழுவப்படும்.

ட்யூனிங்குக்கு முன்பே பொருத்துவதில் பாதி வேலை கெடுகிறது. ஹெட்டர் நட்டுகளைத் துரு நீக்கும் எண்ணெயில் ஊறவிடாமல் முறுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு) உடைந்து சிலிண்டர் ஹெட்டிலேயே நின்றுவிடும். கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் தளர்வாகக் கோர்த்து, ஹெட் பக்கமிருந்து பின்னோக்கி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்குங்கள். சாதாரண சிலிக்கோன் சீலன்ட் கூடாது. அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், கலவை லீன் என்று சென்சார் பொய் சொல்லும். த்ராட்டிலை மூடும்போது படபடவென வெடிக்கும். அந்த நிலையில் போடும் மேப் அத்தனையும் வீண். எக்ஸாஸ்ட் குழாய்க்குள் திறந்து மூடும் வால்வு உள்ள வண்டியில் அதை இயக்கும் சர்வோ மோட்டாரை வெறுமனே கழற்றினால் இசியூ பிழைக் குறியீடு காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகுதான், 14.7-ஐத் தாண்டிய விகிதங்களையும் அளக்கும் வைட்பேண்ட் சென்சார். குழாயின் அடிப்பக்கத்தில் அதைப் பொருத்தினால் தண்ணீர் தேங்கிச் செத்துவிடும். மேல்பாதியில் சாய்வாக வையுங்கள். எஞ்சின் முழுச் சூடேறியபின், மேப்பில் ஆர்பிஎம்மும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) த்ராட்டில் அளவும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் 2 அல்லது 3 சதவீதமாகத் திருத்தி, மீண்டும் அளக்க வேண்டும். வண்டியின் சொந்த சென்சார் ஆளும் சீரான வேகப் பகுதியில் கைவைத்துப் பயனில்லை; இசியூ அதைத் திருப்பிப் பழைய விகிதத்துக்கே இழுத்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கிப் பாருங்கள். நடு த்ராட்டிலில் திணறினால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்குங்கள்.

டைனோவில் (எஞ்சினின் திறனை அளக்கும் கருவியில்) ட்யூன் செய்து தருபவரிடம், குதிரைத்திறன் கோட்டோடு கலவை விகிதக் கோடும் அதே தாளில் அச்சாகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். கலவைக் கோடு இல்லாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர்