பீட்டில் எஞ்சினுக்குக் காற்றே முதல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினை வலுவேற்றுவது பற்றிப் பேசுவோர் கொள்ளளவை மட்டுமே பெரிதாகச் சொல்வது எனக்குக் கவலையளிக்கிறது. 85.5 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 69 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 1584 சி.சி. எஞ்சினை, 94 மி.மீ. சிலிண்டர்களும் 82 மி.மீ. ஸ்ட்ரோக் தரும் கிராங்க் ஷாஃப்டும் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) பொருத்தி 2276 சி.சி. ஆக்கலாம் என்பது உண்மையே. ஆனால், குளிர்விக்கத் தண்ணீரே இல்லாத அந்த எஞ்சினில் கூடும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியவை விசிறிக் காற்றும் ஆயிலும்தான். முன்பு ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்ததால், அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடானது. 1971 மாடலில் கூலரைத் தனிக் கூட்டுக்கு மாற்றினார்கள். ஆகவே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பெரிதாக்கச் செலவிடும் முன், காற்றை வழிநடத்தும் தகடுகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முறை. அழகுக்காக அவற்றைக் கழற்றிவிடும் வழக்கத்தை மெக்கானிக்குகள் உறுதியாக மறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கார்களை நேசிக்கும் வாசகர்