ஹெரால்டுக்காரர்கள் கவனத்துக்கு: டிரனியனுக்கு கிரீஸ் வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மாமல்லபுரம் கிளம்பும் முன், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெசல் கார் வைத்திருப்பவர்கள் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி டிரனியனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சக்கரத்துக்கு உட்புறம், கீழே இருக்கும் பித்தளை நிறக் கட்டிதான் டிரனியன். மேலிருந்து வரும் எஃகுத் தண்டின் மரை அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உரசிச் சுழல்கிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகுந்து மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகப் போய் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதுதான் முறியும், அந்த மட்டில் புண்ணியம்.

என் வண்டியை சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "கன் வச்சு அடிக்கிறதுன்னா கிரீஸ்தானே சார்" என்று அடித்துவிட்டார்கள். கழற்றினால் உள்ளே காய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவவே அரை நாள் போயிற்று.

டிரனியனில் இருக்கும் பிளக்கை (சின்ன அடைப்பு மூடி) கழற்றி, அங்கே நிப்பிள் (கன்னின் வாய் பொருந்தும் சின்னக் குழாய்) மாட்டி, மேலே கசியும் வரை கன்னால் ஆயில் ஏற்றுங்கள். ஏறவில்லை என்றால் அடைப்பு. அந்த வண்டியை எடுத்து வர வேண்டாம், என் வண்டியில் என்னோடு வாருங்கள். இடது, வலது டிரனியன்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள், ஒரு பக்கம் எதிர்மரை.

ஆயில் நிரப்பிய கன் என்னிடம் இருக்கிறது. சனி மாலைக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.