ஒரே கை என்று முடிவு கட்டாதே: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போக்கரில் எதிராளி ரெய்ஸ் செய்ததுமே, அதாவது பந்தயத்தை ஏற்றியதுமே, "ஏஸ் ஜோடிதான் வைத்திருக்கிறார்" என்று நீ முடிவுகட்டிவிடுகிறாய். அதன்பிறகு அவர் என்ன செய்தாலும் அது ஏஸ் ஜோடியாகவே உனக்குத் தெரிகிறது. இந்தப் பழக்கத்தை விடு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் ஆடும் போக்கர் வகையான டெக்ஸாஸ் ஹோல்டெமில் ஒருவர் கைக்கு வரும் இரண்டு சீட்டுகள் (அதைத்தான் 'கை' என்கிறோம்) 1,326 விதமாக அமையலாம். அவர் ஒவ்வொரு முறை பந்தயம் கட்டும்போதும் அதில் ஒரு பகுதி கழிந்துகொண்டே வரும். அந்தக் கழித்தல்தான் முழு வித்தையும்.

உன்னிடம் இரண்டு ஜாக் இருக்கிறது என்று வை. நிதானமாக ஆடுகிற ஒருவர் முதல் ஆளாகவே ரெய்ஸ் செய்கிறார், நீ ஏற்றுகிறாய், அவர் மறுபடியும் ஏற்றுகிறார். இப்படிப்பட்டவரிடம் ஏஸ், கிங், குயின் இவற்றில் ஒரு ஜோடி இருக்கும், இல்லாவிட்டால் ஏஸ்-கிங். சரி, எண்ணுவோம். ஒரு ஜோடி 6 விதமாக வரும், மூன்றுக்கும் சேர்த்து 18. ஏஸ்-கிங் மட்டும் 16. ஃபிளாப்பில், அதாவது மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டுகளில், 9, 7, 2 விழுந்தால் ஏஸ்-கிங்குக்கு ஜோடி சேரவில்லை; அதனால் கிட்டத்தட்ட பாதிக் கைகளை நீ இன்னும் ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறாய்! பயந்து ஃபோல்ட் செய்கிறவர்கள், அதாவது சீட்டை வைத்துவிட்டு விலகுகிறவர்கள், இதை எண்ணுவதே இல்லை.

டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, ஒரு கிங் வந்தால்? ஒரு கிங் மேசைக்கு வந்துவிட்டதால் கிங் ஜோடி 3 ஆகவும், ஏஸ்-கிங் 12 ஆகவும் குறையும். ஏஸ், குயின் ஜோடிகளையும் சேர்த்து மொத்தம் 27, அத்தனையும் உன்னை ஜெயிக்கும். அப்போது தயங்காமல் விலகு. கிங்குக்குப் பதிலாக ஒரு 4 வந்து, அவரும் பந்தயம் கட்டாமல் செக் செய்தால் கதை வேறு. பெரிய ஜோடி வைத்திருப்பவர் பெரும்பாலும் அங்கே பந்தயம் கட்டுவார், அதனால் ஏஸ்-கிங்கின் பங்கு கூடுகிறது.

இன்னொன்று, முன்பே கழித்ததைப் பிறகு சேர்க்காதே. ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, இன்னொரு 7 விழுந்ததும் "ஏழு வைத்திருப்பாரோ" என்று பதறுவாய். முதல் ஆளாக இருந்து அவ்வளவு ஏற்றியவர் கையில் ஏழு எப்படி வரும்?

உன் சீட்டையும் கணக்கில் சேர். உன்னிடம் ஒரு ஏஸ் இருந்தாலே, அவருக்கு ஏஸ் ஜோடி வரும் வழி 6-லிருந்து 3 ஆகிவிடும்.

இதைப் பழக நீ ஃபோல்ட் செய்த ஆட்டங்கள்தான் நல்ல நேரம். மற்ற இருவர் ஆடுவதைப் பார்த்து மனதுக்குள் கழித்துக்கொண்டே வா. கடைசியில் சீட்டைத் திறந்ததும், அவர் முதல் பந்தயத்திலிருந்து அதை எப்படி ஆடினார் என்று பின்னோக்கி ஓட்டிப் பார். பணம் வேண்டாம், பந்தய வில்லைகளான சிப்ஸ் போதும். ஊருக்கு வரும்போது அப்படி ஒரு ஆட்டத்தை எழுதிக்கொண்டு வா, சேர்ந்து எண்ணலாம்.

அன்புடன்,
அண்ணன்