அம்மப்பாவின் பெட்டிக்குள் இருந்த பீப்பாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டைத் திருத்துவதற்காக ஒதுக்கியபோது, அம்மப்பாவின் ட்றங்குப் பெட்டியின் அடியில், அட்டை கழன்று பூச்சி அரித்த நிலையில், ஃபிறீமன் வில்ஸ் குறொஃப்ற்ஸ் 1920 இல் வெளியிட்ட 'த காஸ்க்' (பீப்பாய்) என்னும் துப்பறியும் நாவல் கிடைத்தது. அகதா கிறிஸ்றியின் முதல் நாவலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. அவரை அறியாத வாசகர் இங்கு அரிது, இவரையோ நான் கேள்விப்பட்டதே இல்லை.

டப்ளினில் பிறந்து புகையிரதப் பொறியியலாளராகப் பணியாற்றிய குறொஃப்ற்ஸ், நோயிலிருந்து தேறிவந்த காலத்தில் இதை எழுதினார். இலண்டன் துறைமுகத்தில் இறக்கப்படும் பீப்பாய் ஒன்று விழுந்து உடைய, மரத்தூளோடு தங்க நாணயங்களும், உள்ளே ஒரு பெண்ணின் கையும் தென்படுகின்றன. அதன்பின் மேதாவி எவரும் வந்து ஒரே பார்வையில் மர்மத்தை அவிழ்ப்பதில்லை. பொலிஸார் இலண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே அலைந்து, கப்பல் நேரத்தையும் சாட்சிகளின் கூற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். நடுப்பகுதி சற்று இழுபடுகிறது என்பது உண்மையே. ஆயினும் 1990 முதல் 2014 வரை புகையிரதமே வராதிருந்த ஊரில் வளர்ந்த எனக்கு, நேர அட்டவணையை நம்பி மனிதர்கள் பொய்யைக்கூடத் திட்டமிடும் உலகம் விசித்திரமாகவே இருந்தது.

தங்கள் ஞாயிறு இதழில் இத்தகைய மறக்கப்பட்ட எழுத்தாளர்களுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்குமாறும், பழைய பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பார்க்குமாறு வாசகர்களுக்கு அறிவிக்குமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.