பூச்சாடிக்குள் இருப்பதும் பிளாஸ்டிக்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தோட்டத்துப் பூக்களைச் சாடியில் அடுக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் செய்முறையின் முதல் வரியே ‘பச்சை ஃபோமைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள்’ என்று இருந்ததைப் பார்த்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். பூக்காம்புகளைச் செருகி நிறுத்துவதற்கான, பஞ்சு போன்ற பச்சைக் கட்டிதான் அந்த ஃபோம்.

எனக்கு ஊர் கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தால் குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நல்ல காரியம், அதில் எனக்குக் குறையில்லை. அதே சாலையில் கல்யாண மேடைக்காகப் பெட்டி பெட்டியாக ஏறி வரும் பச்சைக் கட்டியைத்தான் யாரும் பிளாஸ்டிக் என்று நினைப்பதில்லை. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினை நுரைக்க வைத்து இறுக்கியது அது. விரலால் அழுத்தினாலே மாவாக உதிரும். உதிர்ந்த மாவு மக்காது. இங்கிலாந்தில் செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கமே 2021 முதல் தன் கண்காட்சிகளில் இதற்குத் தடை போட்டுவிட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள், அலங்காரம் செய்த பையன்கள் மண்டபத்துக் குழாயடியில் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தூள் தண்ணீரோடு கலந்து சாக்கடையில் இறங்கி ஓடைக்குப் போனது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அது என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை; அன்றைக்கு எனக்கே தெரியாது.

சரி, ஃபோம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். இந்த மாசி முதல் வாரம் மகளின் நிச்சயதார்த்தம் வீட்டிலேயே நடந்தது. பூவெல்லாம் தோட்டத்திலிருந்துதான். கோழிக்கூண்டு கட்டி மிச்சமிருந்த கம்பி வலையில் ஒரு முழம் வெட்டி, பந்து மாதிரி சுருட்டி, பித்தளைக் குடத்தின் வாய்க்குள் திணித்தேன். அவ்வளவுதான். வலைக் கண்ணில் செருகிய காம்பு சாயவே இல்லை.

பிளம்ஸ் மரம் அப்போதுதான் மொட்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. பூத்த கிளையை வெட்டினால் கொண்டுவந்து வைப்பதற்குள் இதழ் கொட்டிவிடும். மொட்டு பருத்து நுனியில் வெள்ளை தெரியும்போதே வெட்டி வந்து, காம்பின் அடியை இரண்டு அங்குலம் பிளந்து, வாளித் தண்ணீரில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்குள்ளேயே பூத்தது. ‘இத்தனை பழம் போச்சே’ என்று என் கணவர் புலம்பினார். நெருக்கமாக இருந்த கிளைகளைத்தான் எடுத்தேன், எப்படியும் கவாத்து செய்ய வேண்டியவை என்றேன். முழுசாக நம்பவில்லை.

புனல் மாதிரி வெள்ளையாகச் சுருண்டு நிற்கும் காலா லில்லிப் பூவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த செடி, இன்று நீலகிரியின் சதுப்பிலும் ஓடையோரத்திலும் தானாகப் பரவிக் கிடக்கிறது. கத்தி வேண்டாம், காம்பை அடியில் பிடித்துத் திருகி இழுத்தால் வந்துவிடும். சாறு பட்டால் அரிக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். தண்ணீரில் வைத்ததும் அடிக்காம்பு வெடித்துச் சுருளும். ரப்பர் பேண்ட் ஒன்று போட்டால் நிற்கும். ஆழத் தண்ணீரில் அழுகிவிடும் என்பதால் அதற்கு மட்டும் தனிச் சாடி, இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும்.

கேமெல்லியா நம் தேயிலைக்குப் பங்காளி. காம்போடு நிறுத்துவது வீண். தலையை மட்டும் கிள்ளி உருளியில் மிதக்கவிட்டேன், வந்தவர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள். இடைவெளிக்குப் பெரணியும், இளம் யூகலிப்டஸின் வட்ட இலையும். மற்றபடி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெயில் ஏறுமுன் பறிப்பது, தண்ணீருக்குள் அமிழும் இலையைக் கிள்ளிவிடுவது, தினமும் தண்ணீர் மாற்றுவது, பக்கத்தில் வாழைப்பழத் தட்டை வைக்காமல் இருப்பது (பழம் விடும் வாயுவில் பூ சீக்கிரம் வாடிவிடும்). தாம்பூலத் தட்டுகளை எங்கே வைப்பது என்று அன்று நான் பட்ட பாடு தனிக்கதை.

இரண்டு விண்ணப்பம். மாவட்ட நிர்வாகம், சோதனைச்சாவடியில் தடுக்கும் பொருள்களின் பட்டியலில் இந்த ஃபோமையும் சேர்க்க வேண்டும். நீங்கள் அடுத்த முறை பூ அலங்காரம் பற்றி எழுதும்போது, முதல் வரியில் கோழி வலையைப் போடுங்கள். எங்கள் ஊர் இரும்புக் கடையில் அது அடிக்கணக்கில் கிடைக்கிறது. என் வலையைக் கழுவி, காயவைத்து, கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி.